மரக்கடைக்குப் போகும் முன்: வகை, அளவு, தரம்

மர வேலை பழக ஆரம்பிக்கிறவர்கள் மரக்கடையில் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, இது என்ன மரம்?" என்பதுதான். அதை நான்காவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் எந்தப் பகுதியிலிருந்து அறுத்தது, எவ்வளவு காய்ந்திருக்கிறது, எந்தக் கணக்கில் அளந்து விலை சொல்கிறார்கள், இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் மரத்தின் பெயருக்கு அர்த்தம். ஓரமெல்லாம் வெள்ளையாக இருக்கும் பச்சைத் தேக்கைவிட, நன்றாகக் காய்ந்து வைரம் பாய்ந்த அயினி எவ்வளவோ மேல், விலையும் குறைவு. ஆனால் புதிதாக வருகிறவர் தேக்கு என்ற பெயரைக் கேட்டதும் பையில் இருக்கும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

செங்கோட்டை, தென்காசி, புளியரைப் பக்கத்து மரக்கடைகளையும் சாமில்களையும் (மரம் அறுக்கும் ஆலைகளையும்) மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரியும்வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். 1904-லேயே கொல்லத்திலிருந்து புனலூர், ஆரியங்காவு வழியாக மலையைக் குடைந்து ரயில் வந்துவிட்டது. அதனால் இங்கே மர வியாபாரத்துக்கு எப்போதுமே இரண்டு வாசல். மலைக்கு மேற்கிலிருந்து அயினி, பலா, ரப்பர், தேக்கு இறங்கும், தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து வெளிநாட்டு உருட்டுகளும் (அறுக்காத முழு மரத்துண்டுகளும்) பைனும் வரும். ஒரே கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்போது, எதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தால்தான் பேரம் பேச முடியும்.

வைரமா, வெள்ளையா

கடைக்குப் போனதும் பலகையின் முகத்தைப் பார்க்காதீர்கள், தலைப்பைப் பாருங்கள். அதாவது வாள் குறுக்காக அறுத்த முனை. அங்கேதான் மரத்தின் கதை முழுக்க இருக்கிறது. தேக்கு உருட்டின் தலைப்பில், பட்டைக்கு அடுத்து வெளிறிப்போன ஒரு வளையம் சுற்றி ஓடும். அது வெள்ளை. அதற்கு உள்ளே நிறம் சட்டென்று மாறி, தேன் நிறமோ பழுப்போ ஆகிவிடும், அது வைரம். வெள்ளைப் பகுதி வழியாகத்தான் மரம் உயிரோடு இருக்கும்போது தண்ணீர் ஏறுகிறது, மாவுச்சத்தும் அங்கேதான் சேர்ந்திருக்கும், அதனால்தான் பூச்சியும் கரையானும் முதலில் அதைத் தேடி வருகின்றன. வைரமாக மாறிய பகுதியில் அந்த மாவுச்சத்து போய், பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பிடிக்காத எண்ணெயும் பிசினும் சேர்ந்திருக்கும். தேக்கு கெடாது என்று சொல்வதெல்லாம் தேக்கின் வைரத்துக்கு மட்டும்தான். தேக்கின் வெள்ளை மற்ற மரத்தின் வெள்ளையைப் போலத்தான், உளுத்துப்போகும்.

தோட்டத்தில் வளர்த்து பதினைந்து இருபது வருடத்தில் வெட்டிய தேக்கில் வெள்ளை அதிகம் இருக்கும், வயதான மரத்தில் அது மெல்லிய ஓரமாகிவிடும். நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி காலத்தில் போட்ட தேக்குத் தோட்டத்தின் ஒரு பகுதியை இன்னும் வெட்டாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கூடலூர் வழியாகப் போகிறவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள், வயதான தேக்கின் பருமன் என்னவென்று கண்ணுக்குப் பிடிபடும்.

இன்னொன்று, நிறத்தை நம்பாதீர்கள். வெள்ளையின் மேல் சாயம் தடவி வைரம்போலக் காட்டுவது ரொம்ப எளிது. கடைக்காரரிடம் இழைப்புளி கேட்டு ஒரு மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு மேல்தோலை எடுத்துவிட்டுப் பாருங்கள். நல்ல தேக்கு வைரமாக இருந்தால் இழைத்த இடம் விரலுக்கு லேசாக மெழுகு தடவியதுபோல் வழவழப்பாக இருக்கும், பழைய தோல் வாசனை ஒன்று வரும், சுருளாக விழுந்த சீவலைக் கசக்கி முகர்ந்தாலும் அதே வாசனை இருக்கும். சாயம் அடித்த மரத்தில் இழைத்த இடமும் இழைக்காத இடமும் இரண்டு மரம்போலத் தெரியும். இழைக்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

தலைப்பில் இன்னொரு விஷயமும் தெரியும். வளையங்கள் எல்லாம் கூடும் நடு மையம், பென்சில் கனத்தில் மென்மையாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளி பலகைக்குள் இருந்தால் அந்தப் பலகை என்றாவது ஒருநாள் அங்கிருந்து வெடிக்கும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் மேசை மேற்பலகைக்கு அதை எடுக்காதீர்கள்.

எந்த மரம் எதற்கு

பழகுகிறவருக்கு நான் முதலில் சொல்வது அயினி. கேரளத்தில் ஆஞ்சிலி என்பார்கள், படகுப் போட்டியில் ஓடும் சுண்டன் வள்ளம் செய்கிற மரம் அதுதான், தண்ணீரிலேயே கிடந்து தாங்குகிறது என்றால் யோசித்துப் பாருங்கள். பொன் பழுப்பு நிறம், உளி ஏறும், வாள் ஓடும், கன்னியாகுமரி மாவட்டத்திலும் புனலூர் பக்கத்திலும் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் சொந்தக்காரன்தான் பலா. புதிதாக அறுக்கும்போது மஞ்சள் பளிச்சென்று இருக்கும், நாள் போகப் போக வெளிச்சம் பட்டு செம்பழுப்பாகும், தஞ்சாவூர் வீணை இந்த மரத்தில்தான். சின்னப் பெட்டி, முக்காலி, பூஜை மாடம் எல்லாம் செய்து பழக பலாவைப்போல் மனசுக்குப் பிடித்த மரம் எனக்கு வேறில்லை.

ரப்பர் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லையோரத்தில் மலிவாகக் கிடைப்பது அதுதான், தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். பால் வற்றி 25, 30 வருடத்தில் தோட்டத்தை மாற்றி நடும்போது வெட்டுகிற மரம் இது. இதில் வைரம், வெள்ளை என்ற பிரிவே கண்ணுக்குத் தெரியாது, முழுக்க வெளிர்நிறம், முழுக்க மாவுச்சத்து. வெட்டிய கொஞ்ச நாளிலேயே நீலம் பூத்து, பூச்சி துளைக்க ஆரம்பித்துவிடும். அதனால் வெட்டிய சூட்டோடு அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே ஏற்றி, சூளையில் காய வைக்க வேண்டும். அப்படிச் செய்த ரப்பர் மரம் அருமையானது, சீராக இருக்கும், பசை நன்றாகப் பிடிக்கும், துண்டு துண்டாக, முனைகளைப் பல்போல் வெட்டிக் கோத்து ஒட்டிய பெரிய பலகையாகவும் கிடைக்கும். அப்படிச் செய்யாத ரப்பர் மரம் அடுப்புக்கு மட்டும்தான். "ட்ரீட்மென்ட் பண்ணியதா?" என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். பண்ணியதாகவே இருந்தாலும் மழை படுகிற இடத்துக்கு வேண்டாம், போரான் தண்ணீரில் கரைந்து வெளியே வந்துவிடும்.

தேக்கு வாசல், ஜன்னல், வெயிலும் மழையும் மாறி மாறிப் படுகிற இடம் எல்லாவற்றுக்கும் முதல் மரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பழகும்போது வேண்டியதில்லை. நாட்டுத் தேக்கு, ஆப்பிரிக்கத் தேக்கு, தென் அமெரிக்கத் தேக்கு என்று கடையில் பிரித்துச் சொல்வார்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே இனம்தான், வளர்ந்த மண்ணும் வயதும்தான் வேறு. "இப்பதான் பர்மாவிலிருந்து உருட்டு இறங்குச்சு" என்று யாராவது சொன்னால் காகிதத்தைக் கேளுங்கள், மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது.

வேங்கை கனமானது, உறுதி, இழைக்கக் கை வலிக்கும், கட்டில் கால், நிலைச்சட்டத்துக்கு நல்லது. வேம்பின் வைரம் பூச்சிக்கு நன்றாகத் தாங்கும், காயும்போது கொஞ்சம் முறுக்கும். பூவரசு கிடைத்தால் விடாதீர்கள், சிறு வேலைக்கு அருமை. மகாகனி உள்வேலைக்கு, அழகான ரேகை. தூங்குமூஞ்சி அகலப் பலகையாக மலிவில் வரும், வெள்ளையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். மாமரம் பெட்டிக்கும் பழகுவதற்கும் சரி, மருந்து அடிக்காமல் வீட்டுக்குள் வைக்காதீர்கள். இறக்குமதிப் பைன் மெத்து, உளி பழக, இணைப்பு வெட்டிப் பழக அதைவிட மலிவான பாடம் கிடையாது, பேக்கிங் பெட்டி பிரித்த பலகையாகவே வாங்கலாம், வாள் வைக்கும் முன் ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

அளவு: நூல், அங்குலம், கன அடி

நம் பக்கத்தில் கனமும் அகலமும் அங்குலத்தில், நீளம் அடியில், விலை கன அடிக்கு. அங்குலத்துக்குக் கீழே நூல் கணக்கு, ஒரு அங்குலத்துக்கு 8 நூல். முக்கால் அங்குலப் பலகை என்றால் 6 நூல்.

அறுத்த மரத்துக்குக் கணக்கு இதுதான். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, அதை அடியில் உள்ள நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 5 அங்குலம், 3 அங்குலம், 7 அடி நீளமுள்ள நிலைச்சட்டம் என்றால் 5 × 3 × 7 = 105, அதை 144-ஆல் வகுத்தால் 0.73 கன அடி. போனிலேயே போட்டுப் பார்த்துவிடலாம், கடைக்காரர் சீட்டில் எழுதும்போதே நீங்களும் போடுங்கள், ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஒரு சின்ன டீப்பாய்க்கு எவ்வளவு மரம் வேண்டும் என்று பார்ப்போம். கால் நான்கு, ஒவ்வொன்றும் 2 × 2 அங்குலம், ஒன்றரை அடி: எல்லாம் சேர்த்து 24. பக்கச் சட்டம் 3 × 1 அங்குலத்தில், 3 அடி இரண்டு, ஒன்றரை அடி இரண்டு: 27. மேற்பலகை 6 × 1 அங்குலத்தில் மூன்றரை அடி மூன்று: 63. மொத்தம் 114, வகுத்தால் 0.79 கன அடி. அப்படியே 0.79 வாங்கினால் பாதியில் நிற்பீர்கள். வாள் தின்னும் தூள், இழைப்பில் போகும் சீவல், ஒதுக்க வேண்டிய கணு, தலைப்பு வெடிப்பு எல்லாவற்றுக்கும் கால் பங்கு கூட்டுங்கள். ஆக, ஒரு கன அடி.

இழைப்பில் போவது சின்ன விஷயமில்லை. கடையில் ஒரு அங்குலம் என்பது சாமில் வாள் அறுத்த சொரசொரப்பான அளவு. இரண்டு முகமும் இழைத்து நேராக்கினால் 6 நூலோ, மரம் நேராக இருந்தால் 7 நூலோதான் மிஞ்சும். முடிந்த வேலையில் ஒரு அங்குலம் வேண்டுமென்றால் ஒன்றேகால் அங்குலமாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். நீளத்தில் 7 அடி 2 அங்குலம் இருந்தால் 7 என்று போடுகிறார்களா, ஏழரை என்று போடுகிறார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உருட்டாக வாங்கினால் கணக்கே வேறு. பட்டையை நீக்கி நடுவில் கயிறு சுற்றி சுற்றளவு எடுப்பார்கள். அதை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144-ஆல் வகுப்பார்கள். 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம்: நான்கில் ஒன்று 12, 12 × 12 × 10 வகுத்தல் 144, ஆக 10 கன அடி. உண்மையில் அந்த உருட்டில் 12.73 கன அடி மரம் இருக்கிறது. வட்டத்தைச் சதுரமாக்கும்போது அறுப்பில் போகும் ஓரத்தை முன்கூட்டியே கழிக்கிற பழைய முறை இது, கிட்டத்தட்ட 21 சதவீதம் குறைத்துக் காட்டும். கேரள வனத்துறை டிப்போ ஏலத்தில் கன மீட்டரில் சொல்வார்கள், ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. ஆரியங்காவுப் பக்கம் ஒருவர் கன மீட்டர் விலை சொல்லி, செங்கோட்டையில் ஒருவர் உருட்டுக் கணக்கில் கன அடி விலை சொன்னால், இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவராமல் எது மலிவு என்று முடிவு பண்ணாதீர்கள். அறுத்த பிறகு பலகையாகக் கையில் வருவது நிஜக் கன அளவில் பாதி, நல்ல நேரான உருட்டென்றால் அதற்கு மேல் கொஞ்சம். பழகுகிறவர் உருட்டு வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. அங்கே போர்டு ஃபூட் என்பார்கள், நம் ஒரு கன அடி அங்கே 12 போர்டு ஃபூட். அவர்கள் "டூ பை ஃபோர்" என்பது இழைத்து முடித்தபின் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு இங்கே 2 × 4 அறுக்கச் சொன்னால் இணைப்பு எதுவும் சேராது.

தரம்

அமெரிக்கக் கடின மரத்தில் தரத்துக்கு எழுதிவைத்த கணக்கு உண்டு. முதல் தரப் பலகை குறைந்தது 6 அங்குல அகலம், 8 அடி நீளம் இருக்க வேண்டும், அதில் கணுவோ வெடிப்போ இல்லாத துண்டுகளாக ஆறில் ஐந்து பங்கு கிடைக்க வேண்டும். அதற்குக் கீழ்த் தரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கும் கீழே பாதி. நம் மரக்கடையில் அப்படி முத்திரை கிடையாது. வனத்துறை டிப்போவில் உருட்டைச் சுற்றளவைப் பார்த்து வகுப்பாகப் பிரித்து, நேர்த்தியைப் பார்த்து ஏ, பி, சி போடுவார்கள். அதோடு சரி. சாமிலில் அறுத்தபிறகு "முதல் தரம்" என்பது கடைக்காரரின் வாய்ச்சொல். அதனால் தரம் பார்ப்பது உங்கள் வேலை.

ஆனால் அந்த அமெரிக்கக் கணக்கில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்: பலகை முழுக்கச் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, உங்களுக்கு வேண்டிய துண்டு அதில் எத்தனை வரும் என்று பார்க்கிறார்கள். டீப்பாய்க் காலுக்கு ஒன்றரை அடித் துண்டுதான் வேண்டும். இரண்டு அடிக்கு ஒரு கணு இருக்கும் இரண்டாம் தரச் சட்டத்தை வாங்கி, கணுவை விட்டு அறுத்தால் முதல் தரக் கால் கிடைக்கும், பணம் மிச்சம். சுண்ணாம்புக் கட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய், பலகையிலேயே துண்டுகளைக் கோடு போட்டுப் பார்த்து எடுங்கள்.

கணுவில் இரண்டு வகை. சுற்றியுள்ள மரத்தோடு இறுகியிருக்கும் கணு அழகுதான், வலு குறையாது என்று சொல்ல முடியாது, மேற்பலகையில் இருந்தால் பரவாயில்லை. சுற்றிலும் கறுப்புக் கோடு ஓடி, தட்டினால் ஆடுகிற கணு விழுந்துவிடும். கட்டில் சட்டத்தின் கீழ் ஓரத்தில் எந்தக் கணுவும் வேண்டாம், பாரம் வரும்போது இழுபடுவது அந்த ஓரம்தான். பிறகு பலகையின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி மறுமுனையைப் பாருங்கள். ஒரு பக்கமாக வில்போல் வளைந்திருந்தால் சின்னத் துண்டாக வெட்டிச் சமாளிக்கலாம், ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு முறுக்கியிருந்தால் திருப்பி வையுங்கள். ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால் அந்த இடத்தைத் தரையில் தட்டுங்கள், மைதா மாவுபோல் தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது, பக்கத்துப் பலகையையும் சேர்த்தே விடுங்கள்.

பிளைவுட்டுக்கு மட்டும் முத்திரை உண்டு. 8 × 4 அடித் தாளாக, கனம் மில்லிமீட்டரில், விலை சதுர அடிக்கு. ஐ.எஸ். 303 உள்வேலைக்கு, ஐ.எஸ். 710 தண்ணீர் படும் இடத்துக்கு, சமையலறை, குளியலறைப் பக்கம் எல்லாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண்ணும் தாளில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஈரம்

இதைத்தான் நம் ஊரில் யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை, நம் ஊருக்குத்தான் இது ரொம்பவே முக்கியம். ஜூனிலிருந்து சாரல் பிடித்தால் குற்றாலம், செங்கோட்டை, புளியரை முழுக்கக் காற்றே ஈரம். அங்கிருந்து கிழக்கே திருநெல்வேலி போனால் சித்திரை வெயிலில் காற்று வறண்டு கிடக்கும். மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கேற்ப ஈரத்தை இழுக்கும், விடும். சாரலில் கிடந்த பலகையில் செய்த கதவை திருநெல்வேலியில் மாட்டினால் கோடையில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். கோடையில் இறுக்கமாகச் செய்த இழுப்பறை புனலூருக்குப் போய் ஆடி மாதம் திறக்க வராது.

பச்சை மரத்தில் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, வளையத்தின் போக்கில் சுருங்குவது மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல் இரண்டு மடங்கு. தேக்கில் பச்சையிலிருந்து முழுதும் காய்வதற்குள் வளையத்தின் போக்கில் 5.3 சதவீதம், மையத்தை நோக்கி 2.6. அதனால்தான் தலைப்பில் வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கும் பலகை அதிகம் வளையாது, படுத்திருக்கும் பலகை கிண்ணமாகும். குவியலில் செங்குத்துக் கோட்டுப் பலகை கிடைத்தால் மேற்பலகைக்கு ஒதுக்குங்கள்.

வீட்டுச் சாமானுக்கு 10 முதல் 14 சதவீத ஈரம் வரை சரி. ஈரம் அளக்கும் ஊசி மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் நல்லது. இல்லையென்றால் கையால் தூக்கிப் பாருங்கள், காய்ந்த தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ, வேங்கை 22 கிலோவுக்கு மேலேயும் வரும், அதைவிடக் கணிசமாகக் கனத்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. சரியாகத் தெரிய வேண்டுமானால் பலகையின் நடுவிலிருந்து சின்னத் துண்டு வெட்டி எடை போடுங்கள், ஓவன் அடுப்பில் 103 டிகிரி செல்சியஸில் எடை குறையாமல் நிற்கும்வரை காயவைத்து மறுபடி எடை போடுங்கள். 120 கிராம் 100 ஆனால் ஈரம் 20 சதவீதம், இன்னும் காய வேண்டும்.

வீட்டில் காயவைப்பது சுலபம், அவசரம் மட்டும் கூடாது. நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள். மேலே வருகிற ரீப்பர் கீழே உள்ளதற்கு நேர் மேலேயே இருக்கட்டும், தள்ளி வைத்தால் பலகை அந்த வளைவிலேயே காய்ந்துவிடும். தலைப்புகளில் பெயின்டோ மெழுகோ பூசுங்கள், தண்ணீர் அங்கேதான் வேகமாக வெளியேறி வெடிப்பு விழும். மேலே கல் பாரம் வையுங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்கள் சொல்கிற பொதுக்கணக்கு. கடையில் காய்ந்த மரம் வாங்கினாலும், வேலை செய்யப்போகிற அறையிலேயே இரண்டு மூன்று வாரம் போட்டுவிட்டு அப்புறம் அறுங்கள்.

பில், அனுமதிச் சீட்டு

மலையைத் தாண்டி மரம் கொண்டுவரும்போது வனத்துறைச் சோதனைச் சாவடியில் காகிதம் கேட்பார்கள். அந்தப் பக்கத்து உறவினர் வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய தேக்கென்றாலும் வண்டி ஏற்றும் முன்பே அங்குள்ள வனச்சரக அலுவலகத்தில் என்ன அனுமதி வேண்டுமென்று விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஈட்டி, சந்தனம், செம்மரம் ஆகியவற்றை யாராவது தனியாகக் கூப்பிட்டு மலிவாகத் தருகிறேன் என்றால் நின்று பேசவே வேண்டாம். கடையில் வாங்கும்போது மரத்தின் பெயர், ஒவ்வொரு உருப்படியின் அளவு, மொத்தக் கன அடி, விலை வரியோடு சேர்த்தா தனியா என்பது எல்லாம் பில்லில் இருக்கட்டும். மரம் வண்டியில் ஏறும்போதே அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாக எண்ணிச் சரிபாருங்கள், நீங்கள் கோடு போட்டுத் தேர்ந்தெடுத்த பலகைதான் ஏறுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.